பட்ட மரமும் கருகிய மரமும்

மரத்தின் பெயரை ஊருக்கு இடுவதும், ஊரின் விவகாரத்தை மரத்தடியில் அமர்ந்து பேசித் தீர்ப்பதும் தமிழ்நாட்டில் தொன்றுதொட்டு வரும் வழக்கங்கள். திந்திருணி என்பது வடமொழியில் புளிய மரத்தைக் குறிக்கும் சொல். அம்மரங்கள் அடர்ந்திருந்த திந்திருணிவனமே மக்கள் நாவில் உருண்டு உருண்டு திண்டிவனமாயிற்று என்பர். அந்த வனம் இன்று இல்லை. நிலக்கடலையும் எள்ளும் விளையும் கொல்லைகளும், ஏரிப் பாசனத்தில் நெல் விளையும் கழனிகளும், சென்னையிலிருந்து தெற்கே செல்லும் பெருஞ்சாலையும் இருப்புப்பாதையும் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டன. ஆயினும் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே உள்ள கிராமங்களில், வீட்டு வாசலிலும் களத்து மேட்டிலும் ஏரிக்கரையிலும் ஐயனார் கோவில் முகப்பிலும் மனிதரோடு மனிதராய்க் குடித்தனம் செய்துவரும் மரம் ஒன்று உண்டு, அதுவே வேம்பு. சித்திரைப் பிறப்பன்று பச்சடிக்குப் பூவும், ஆடியில் அம்மனுக்குத் தழையும், அம்மை கண்ட குழந்தைக்குப் படுக்கையும், பயிருக்குப் புண்ணாக்கும், பல் துலக்கக் குச்சியும் கொடுத்துவிட்டு, கோடையில் கட்டிலைப் போட்டுப் படுக்க நிழலையும் கொடுக்கும் அம்மரத்தை, மரம் என்று எண்ணுவதைவிடக் குடும்பத்து வைத்தியர் என்று எண்ணுவதே நம் மக்களுக்கு இயல்பாக இருந்து வந்திருக்கிறது.

அத்தகைய வைத்தியரையே வியாதி பற்றினால் வீட்டார் என்ன பாடுபடுவார்களோ, அந்த நிலையில்தான் தமிழ்நாட்டுக் குடியானவர்கள் பலர் அண்மை ஆண்டுகளின் மழைக்கால முடிவில் நின்றிருக்கிறார்கள். ஐப்பசி, கார்த்திகை வரையில் பச்சைக் குடையாக விரிந்து நின்ற வேம்பு, மார்கழி பிறக்கும்போது உச்சிக் கொப்புகளில் செம்பழுப்பு நிறம் கொள்கிறது. கிளைகளின் நுனியில் உள்ள இளந்தளிர்கள் முதலில் வாடிக் கவிழ்கின்றன. அவற்றை அடுத்த இலைகள் உதிராமல் கொம்பிலேயே காய்ந்து தொங்குகின்றன. தை முடிவதற்குள், யாரோ தீப்பந்தத்தைக் காட்டி மரத்தைச் சுற்றிலும் வாட்டிவிட்டாற்போல, முழு மரமும் கருகி நிற்கிறது. இலையுதிர்காலம் என்று எண்ணிச் சமாதானம் அடையவும் வழியில்லை. ஏனெனில் இயற்கையாக உதிரும் இலை மஞ்சளாகி, காம்பு நெகிழ்ந்து, மரத்தின் சம்மதத்தோடு தரையில் விழுகிறது. இங்கோ இலை தன் காம்பை விடாமலே செத்திருக்கிறது. பார்ப்பவர் நெஞ்சு பதைத்து, மரம் பட்டுப்போய்விட்டது என்று முடிவு கட்டி, கோடரிக்காரனைத் தேடிப் புறப்படுகிறார்.

இந்த அத்தியாயம் முழுவதும் அவரை நோக்கிச் சொல்லப்படுவதே. பட்டுப்போதல் என்றும் கருகுதல் என்றும் நம் மொழியில் இரண்டு சொற்கள் இருக்கின்றன. அவை இரண்டும் ஒன்றல்ல. வேரிலிருந்து நுனி வரையில் உயிர் ஒழிந்தது பட்ட மரம். அதன் கடைசி நிலையைக் காண விரும்புவோர் திண்டிவனத்திலிருந்து அதிக தூரம் போக வேண்டுவதில்லை. மயிலத்தைக் கடந்து சங்கராபரணி ஆற்றங்கரைத் திருவக்கரைக்குச் சென்றால், ஏறக்குறைய 2 கோடி ஆண்டுகளுக்கு முன் வெள்ளத்தால் அடித்து வரப்பட்டு மணலில் புதையுண்டு, அணு அணுவாகக் கல்லாக மாறிய பெருமரங்கள் அங்கே படுத்துக் கிடப்பதைக் காணலாம். பிரெஞ்சு இயற்கை ஆராய்ச்சியாளரான சோனெரா 1781-இல் உலகுக்கு எடுத்துரைத்த அக்கல்மரங்களில் இனி ஒரு தளிரும் தோன்றப்போவதில்லை. கருகிய மரத்தின் விஷயம் வேறு. அங்கே நுனி செத்திருக்கிறது, அடி இருக்கிறது. மரணம் மேலிருந்து கீழ் நோக்கி இறங்கிக்கொண்டிருக்கிறது. அது எங்கே வந்து நிற்கிறது என்பதை அறிவதே தாவர வைத்தியத்தின் முதற்பாடம். நுனியில் தொடங்கி அடியை நோக்கி இறங்கும் இவ்வியாதியை நுனிக்கருகல் என்று அழைக்கிறார்கள்.

வேம்பின் நுனிக்கருகலுக்குக் காரணமான பூஞ்சையை மைசூர்ப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எம். கே. சதீஷ், எஸ். சங்கர பட், பி. தேவகி ஆகியோர் நோயுற்ற கொம்புகளிலிருந்து பிரித்தெடுத்து, அது விஞ்ஞானம் அதுகாறும் அறியாத ஓர் இனம் எனக் கண்டு, வேம்பின் தாவரவியற் பெயரையே அதற்கும் சூட்டி, ஃபோமாப்ஸிஸ் அசாடிராக்டே என்று 1997-இல் உலகுக்கு அறிவித்தார்கள். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நம் முற்றத்தில் நிற்கும் மரத்தின் பகைவனுக்குப் பெயர் கிடைத்துக் கால் நூற்றாண்டுக்குச் சிறிது மேல்தான் ஆகிறது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. மனிதனுக்கு வரும் நோய்களை ஆராய ஆயிரம் கண்கள் விழித்திருக்க, மரத்துக்கு வரும் நோயைக் காண ஒரு சிலரே இருந்திருக்கிறார்கள். ஆயினும் அந்தச் சிலரின் பரம்பரை நம் நாட்டில் எளியதன்று. பூசா ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய பட்லர் என்ற அயர்லாந்துக்காரர், பயிர்களைப் பற்றும் பூஞ்சைகளைக் குறித்து 1918-இல் வெளியிட்ட பெருநூல் இத்துறைக்கு இந்தியாவில் அடிகோலிற்று. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் ஆய்வகத்தில் டி. எஸ். சதாசிவன் அதைப் பெரியதொரு கல்விக்கூடமாகவே வளர்த்தார்.

பூஞ்சை என்றதும் ஊறுகாய்ச் சாடியில் படரும் வெண்படலமும், மழை பெய்த மறுநாள் குப்பைமேட்டில் முளைக்கும் காளானும் நம் நினைவுக்கு வரும். அவை யாவும் ஒரே சாம்ராஜ்யத்தைச் சேர்ந்தவை. தாவரம் போலத் தன் உணவைத் தானே ஆக்கிக்கொள்ளும் பச்சையம் பூஞ்சைக்குக் கிடையாது. விலங்கு போல விழுங்கிச் சீரணிக்கும் வயிறும் கிடையாது. அது தன் நூலிழை போன்ற உடலை உணவுக்குள்ளேயே செலுத்தி, சீரணிக்கும் திரவங்களை வெளியே சுரந்து, கரைந்துவரும் சாரத்தை உறிஞ்சிக்கொள்கிறது. வேம்பைப் பற்றும் பூஞ்சையும் அவ்வாறே, காயத்தின் வழியாகவோ இளந்தளிரின் மெல்லிய தோலின் வழியாகவோ கொம்புக்குள் நுழைந்து, பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே, மரம் புதிதாக வளர்ந்துகொண்டிருக்கும் ஈரமான படலத்தில் பரவுகிறது. அங்கேதான் இலை சமைத்த உணவு கீழே இறங்குகிறது. அதை ஒட்டித்தான் வேர் உறிஞ்சிய நீர் மேலே ஏறுகிறது. அந்த இரு வழிகளும் அடைபட்ட மாத்திரத்தில், நீர் நிறைந்த நிலத்தில் வேர் ஊன்றி நிற்கும்போதே இலை தாகத்தால் சாகிறது. செத்த கொம்பின் மீது பின்னர் ஊசிமுனைக் கறுப்புப் புள்ளிகள் தோன்றுகின்றன. ஒவ்வொரு புள்ளியும் ஒரு குடுக்கை. மழை நனைத்ததும் அது வாய் திறந்து, மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்களவே நீளமுள்ள வித்துகளைப் பசை போலக் கக்குகிறது. மழைத்துளி தெறிக்கும் தெறிப்பிலும், காற்றோடு சாய்ந்தடிக்கும் சாரலிலும் அவை அடுத்த கொம்புக்கும் அடுத்த மரத்துக்கும் சென்று சேர்கின்றன. அவ்வாறன்றி வித்திலேயே ஒளிந்து பிரயாணம் செய்யும் வழியும் இப்பூஞ்சைக்குத் தெரியும்; நோயுற்ற மரத்தின் பூவையும் பிஞ்சையும் கருக்கிப் பழத்தை அழுகச் செய்வதோடு, தப்பிப் பழுத்த விதையினுள்ளும் தங்கி, நாம் ஆசையோடு நாற்றங்காலுக்கு எடுத்துச் செல்லும்போது நம் கையாலேயே அடுத்த ஊரைச் சென்றடைகிறது.

இவ்வளவையும் மரம் வாளாவிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறதா? இல்லை. மனித உடலில் புண் உண்டானால் செத்த தசை நீங்கிப் புதுத் தசை அவ்விடத்தையே நிரப்புகிறது. மரத்துக்கு அந்தச் சக்தி இல்லை. பல்லாயிரம் மரங்களைக் குறுக்கும் நெடுக்குமாக அறுத்துப் பார்த்து ஆராய்ந்த அமெரிக்க வனவியலாளர் அலெக்ஸ் ஷைகோ, 1970-களில் இதனை ஐயமற நிலைநாட்டினார்: மரம் தன் புண்ணை ஆற்றுவதில்லை; அடைக்கிறது. நோய் புகுந்த இடத்தைச் சுற்றிலும் பிசினாலும் கசப்புச் சரக்குகளாலும் தன் நீர்க்குழாய்களைத் தானே அடைத்து, உள்ளுக்குள் சுவர் எழுப்பி, பகைவன் பிடித்த அறையை அவனுக்கே விட்டுக்கொடுத்து, மற்ற அறைகளைக் காத்துக்கொள்கிறது. கருகிய வேப்பங்கொம்பின் பட்டையைச் சீவிப் பார்த்தால், பழுப்பான சாவுக்கும் பச்சையான உயிருக்கும் இடையே ஓர் எல்லைக்கோடு தெரியும். அந்தக் கோடு மரம் நடத்திய யுத்தத்தின் போர்முனை. வலிமை வாய்ந்த மரத்தில் அது சுண்டுவிரற் பருமனுள்ள கொம்பிலேயே நின்றுவிடுகிறது. வறட்சியாலும் வேர்வெட்டாலும் மெலிந்த மரத்திலோ, கொப்பிலிருந்து கிளைக்கும் கிளையிலிருந்து தண்டுக்கும் இறங்கிவிடுகிறது.

பூஞ்சை ஒன்றே குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாலும் நீதி முழுமை பெறாது. தேயிலைக் கொசு என்று பெயர் பெற்ற பூச்சி ஒன்று உண்டு. பெயரில் கொசு இருந்தாலும் அது கொசு இனமன்று, நாவாய்ப்பூச்சியின் வகை. செம்பழுப்பு உடலும் நீண்ட உணர்கொம்புகளும் முதுகில் குண்டூசி நட்டாற்போன்ற ஒரு முளையும் அதன் அடையாளங்கள். பண்ணுருட்டிப் பக்கத்து முந்திரித் தோப்புக்காரர்களுக்கு அது பழைய விரோதி. முந்திரியின் தளிரையும் பூங்கொத்தையும் ஊசி வாயால் குத்திச் சாறு உறிஞ்சும்போது அது உமிழும் எச்சில், குத்திய இடத்தைக் கருக்கிவிடுகிறது. அதே பூச்சி வேம்பின் இளந்தளிரையும் குத்துகிறது. குத்திய ஒவ்வொரு புள்ளியும் பூஞ்சைக்குத் திறந்த கதவாகிறது. 2021-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் தெலங்கானா மாநிலத்தில் வேப்ப மரங்கள் ஊர் ஊராகக் கருகி நின்றபோது அங்குள்ள வேளாண் விஞ்ஞானிகள் பூஞ்சையையும் இப்பூச்சியையும் சேர்த்தே குறிப்பிட்டார்கள். வெட்டிவிட வேண்டாம், வேம்பு மீண்டும் துளிர்க்கும் என்பதையும் மக்களுக்கு எடுத்துச் சொன்னார்கள்.

மூன்றாவது கூட்டாளி மழை. விழுப்புரம் பிரதேசத்துக்கு வடகிழக்குப் பருவக்காற்றே வாழ்வு. அதுவே சில ஆண்டுகளில் வரம்பு மீறுகிறது. 2011 டிசம்பர் 30 அன்று ‘தானே’ புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையேறித் தோப்புகளைச் சாய்த்தது. 2024 நவம்பர் 30 அன்று ‘ஃபெஞ்சல்’ புயல் புதுச்சேரி அருகே கரையேறியபோது மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டிற்று. புயல் ஒடித்த ஒவ்வொரு கிளையும் ஒரு புண்; அதைத் தொடர்ந்துவரும் ஈரமும் மூடுபனியும் பூஞ்சை வித்துகள் முளைப்பதற்கு ஏற்ற காலம். பகைவனும், பகைவனுக்குக் கதவைத் திறப்பவனும், கதவு திறந்திருக்கும் வேளையும் மூன்றும் ஒருங்கு கூடினாலன்றிக் கொள்ளைநோய் எழுவதில்லை. ஒரு மார்கழியில் ஊரெல்லாம் கருகிய வேம்பு மறு மார்கழியில் செழிப்பாக நிற்பதன் ரகசியமும் இதுவே. அம்மூன்றும் ஆண்டுதோறும் ஒரே அளவில் கூடுவதில்லை.

இங்கே அறிவுடையோர் மனத்தில் ஒரு கேள்வி எழாமற் போகாது. பூச்சியையும் பூஞ்சையையும் அழிக்கும் மருந்தென்று வேம்பைத்தானே உலகம் போற்றுகிறது? 1942-இல் சலிமுஸ்ஸமான் சித்திக்கீ வேப்பெண்ணெயிலிருந்து நிம்பின் முதலிய கசப்புச் சத்துகளைப் பிரித்தெடுத்தார். 1959-இல் சூடான் நாட்டில் வெட்டுக்கிளிப் படை ஒன்று கண்ணில் பட்ட பசுமையையெல்லாம் தின்று தீர்த்துவிட்டு வேம்பை மட்டும் தொடாமற் சென்றதை ஷ்முட்டரர் என்ற ஜெர்மானியர் கண்ணுற்றார். அதற்குக் காரணமான அசாடிராக்டின் என்ற பொருளை 1968-இல் இங்கிலாந்தில் பிரித்தெடுத்தார்கள். வேப்பெண்ணெயால் பூஞ்சையைத் தடுக்கும் முறைக்கு ஐரோப்பாவில் ஓர் அமெரிக்கக் கம்பெனியும் அந்நாட்டு அரசாங்கமும் சேர்ந்து பெற்ற காப்புரிமை, இது இந்தியக் குடியானவன் என்றோ அறிந்தது என்ற வாதத்தின்மீது 2000-ஆம் ஆண்டில் ரத்தாகி, 2005-இல் மேல்முறையீட்டிலும் அத்தீர்ப்பு நிலைத்தது. பூஞ்சையை வெல்லும் உரிமைக்காக உலக நீதிமன்றங்கள் வரை சென்ற மரம், ஒரு பூஞ்சையின் முன் ஏன் தலை கவிழ வேண்டும்?

விடை இரண்டு பகுதியானது. வேம்பின் அசாடிராக்டின் மரமெங்கும் ஒரே அளவாக நிறைந்திருப்பதன்று. அடுத்த தலைமுறையைக் காக்கும் பொருட்டு விதைப் பருப்பிலேயே அது பெரிதும் செறிந்திருக்கிறது. பருப்பை இடித்துப் பிழிந்து நாம் செடியின்மீது தெளிக்கும் கரைசலின் காரம், மாதக்கணக்கே வயதுள்ள இளங்கொம்பின் உள்ளே கிடையாது. இரண்டாவது பகுதி இன்னும் ஆழமானது. நலமாக நிற்கும் மரத்தின் இலைக்குள்ளும் பட்டைக்குள்ளும் நோய் எதையும் உண்டாக்காமல் குடியிருக்கும் பூஞ்சைகள் உண்டு. சென்னை விவேகானந்தா கல்லூரியில் டி. எஸ். சூரியநாராயணனும் அவருடைய மாணாக்கரும் வேப்பிலைக்குள் வாழும் இத்தகைய பூஞ்சைகளைத் தேடி ஆராய்ந்திருக்கிறார்கள். கசப்புக்குப் பழகிக்கொண்ட ஜீவன்களுக்குக் கசப்பு வேலியாகாது. ஊராரெல்லாம் அஞ்சும் காவல் நாய், அதே வீட்டில் வளர்ந்தவனைப் பார்த்துக் குரைப்பதில்லை. வேம்பின் கசப்பும் அப்படித்தான்.

இந்தத் துன்பம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. மேலைநாட்டு ஆற்றங்கரைகளில் தலைவிரித்து நிற்கும் வில்லோ மரமும் வேம்பைப் போலவே கசப்பு மருந்து தந்த மரம். அதன் பட்டையின் கசப்பைக் காய்ச்சலுக்குக் கொடுத்துப் பார்த்த எட்வர்ட் ஸ்டோன் என்ற ஆங்கிலப் பாதிரியார் 1763-இல் எழுதிய கடிதத்திலிருந்து தொடங்கிய ஆராய்ச்சியே 1899-இல் ஆஸ்பிரின் மாத்திரையாக முடிந்தது. நம் ஆற்றோரங்களில் வளரும் ஆற்றுப்பாலை அந்த இனத்தையே சேர்ந்தது. அந்த வில்லோவும் ஈரம் மிகுந்த வசந்தங்களில் பூஞ்சையால் தளிர் கருகி நுனியிலிருந்து காய்கிறது. 1904-இல் நியூயார்க் நகரில் முதன்முதல் கண்டறியப்பட்ட ஒரு பூஞ்சை, கீழ்த்திசையிலிருந்து வந்த நாற்றுகளோடு குடியேறி, அரை நூற்றாண்டுக்குள் அமெரிக்கக் கஷ்கொட்டைக் காடுகளையே அழித்தது. 1990-களின் தொடக்கத்தில் போலந்தில் ஆஷ் மரங்களில் தோன்றிய நுனிக்கருகல் 2012-இல் இங்கிலாந்துக் காடுகளிலும் காணப்பட்டது. நாற்றும் விதையும் கட்டையும் கப்பலேறித் திரியும் காலத்தில் நோயும் கப்பலேறுகிறது.

விழுப்புரம் பிரதேசத்தின் கடற்கரையில் ஒன்றுக்கொன்று நேர்மாறான இரண்டு காட்சிகள் அருகருகே இருக்கின்றன. மரக்காணத்தை ஒட்டிய மணற்பாங்கில், ஒரே வயதும் ஒரே உயரமுமாகச் சவுக்குத் தோப்புகள் வரிசை பிடித்து நிற்கின்றன. அச்சவுக்குக்குப் பட்டைக் கொப்புளம் என்ற பூஞ்சை நோய் உண்டு. பட்டை கொப்புளித்து வெடித்து, உள்ளிருந்து கரிப்பொடி போன்ற வித்துகள் கொட்ட, மரம் காய்கிறது. பக்கத்து மரமும் அதே இனம், அதே வயது, அதே பலவீனம் உடையதாகையால் நோய்க்குத் தடையே இல்லை. அங்கிருந்து சிறிது தெற்கே கீழ்ப்புத்துப்பட்டில் ஐயனாருக்கென்று விடப்பட்ட கோவிற்காடு இருக்கிறது. பல இன மரங்களும் கொடிகளும் புதர்களும் ஒன்றையொன்று தழுவி நிற்கும் அக்காட்டில், ஓர் இனத்தைப் பற்றும் பூஞ்சையின் வித்து அடுத்த மரத்தில் போய் விழுந்தால், அம்மரம் பெரும்பாலும் வேறு குலத்ததாக இருக்கிறது. வித்து முளைக்காமலே மடிகிறது. ஐயனாரின் குதிரைகள் காப்பதாக நம் முன்னோர் நம்பிய காட்டை, அதன் பன்மையும் காத்து நிற்கிறது. சாலையோரம் மரம் நடுகிறவர்கள் வேம்பை மட்டுமே வரிசையாக நடாமல், புங்கும் இலுப்பையும் நாவலும் புளியும் இடையிட்டு நட வேண்டும் என்பதற்கு இதைவிடச் சிறந்த பிரமாணம் தேவையில்லை.

இனிக் கருகிய வேம்பின் எதிரில் கோடரியோடு நிற்பவரிடம் வருவோம். ஐயா, சற்றுப் பொறுங்கள். ஆள் எட்டும் உயரத்தில் உள்ள ஒரு கிளையை எடுத்து, கட்டைவிரல் நகத்தால் பட்டையை மெல்லச் சுரண்டுங்கள். மேல்தோலின் கீழே ஈரப்பச்சை தென்பட்டால் அங்கே உயிர் இருக்கிறது. பழுப்பாகவும் உலர்ந்தும் இருந்தால் இன்னும் சிறிது கீழே இறங்கிச் சுரண்டுங்கள். பச்சை தொடங்கும் இடமே முன்னர்ச் சொன்ன போர்முனை. மழை ஓய்ந்து வெயில் காய்ந்த நாளாகப் பார்த்து, அந்த எல்லைக்குச் சற்றுக் கீழே, நலமான பகுதியில் கொம்பைக் கழித்து, கழித்த கொம்புகளை மரத்தடியில் போட்டு வைக்காமல் எரித்துவிடுங்கள். அவற்றின் கறுப்புப் புள்ளிகளில் அடுத்த ஆண்டின் நோய் உறங்கிக்கொண்டிருக்கிறது. பெரிய மரத்துக்கு மருந்தடிக்கத் துணிவது தேனீக்கும் கிணற்றுக்கும் கேடாக முடியலாம். பூஞ்சைக்கொல்லியும், பூஞ்சையை உண்ணும் டிரைக்கோடெர்மா போன்ற நல்ல பூஞ்சையும் நாற்றங்காலிலேயே பெரிதும் பயன்படும். விதைக்கென்று பழம் பொறுக்குவோர் கருகிய மரத்தை ஒதுக்கி, நலமான மரத்திலேயே பொறுக்க வேண்டும். அடிமரத்தைச் சுற்றிக் கழுத்து நெரிப்பதுபோல் சிமெண்டு பூசியிருந்தால் உடைத்தெறிந்து, பாத்தியிட்டுத் தண்ணீர் விடுங்கள். சுவரெழுப்பிப் போராடும் மரத்துக்கு நீங்கள் அனுப்பக்கூடிய ஒரே துணைப்படை அதுதான்.

பிறகு பங்குனி வரையில் காத்திருங்கள். வேம்பு பழைய இலை உதிர்த்துப் புதிய இலை விடும் காலம் அது. கருகிய கொப்புகளுக்குக் கீழே, பட்டையின் மடிப்புகளில் இதுவரை உறங்கியிருந்த மொட்டுகள் விழித்து, செம்பு நிறத் தளிர்கள் கொத்துக் கொத்தாய் வெளிவரும். உச்சியில் நீட்டிய சில கொம்புகள் மட்டும் மறுபடி உயிர் பெறாமல் நிற்கக்கூடும். அவ்வாண்டு பூ குறையும், பழம் குறையும், பச்சடிக்குப் பக்கத்து வீட்டு மரத்தை நாட வேண்டியிருக்கும். அதனால் என்ன? வைத்தியரும் ஒரு பருவம் படுத்து எழுந்திருக்கிறார் என்று எண்ணிக்கொள்ள வேண்டியதுதான். கட்டைவிரல் நகத்தின் கீழே பச்சை தெரிகிற வரையில் அந்த மரம் கருகிய மரமே. பட்ட மரமென்று அதைச் சொல்ல நமக்கு அதிகாரமில்லை.